பயர்பாக்ஸ் அடிக்கடி உறைந்துவிடுகிறது, ஃபார்மட் செய்துவிடலாமா?

தேன்சிட்டு:
வணக்கம். வீட்டிலிருந்தே பிழைதிருத்தும் வேலை செய்கிறேன், அதனால் நாள் முழுக்க பயர்பாக்ஸ் பிரவுசர் திறந்தே இருக்கும். பத்து நாளாக அரைமணி நேரத்துக்கு ஒருதரம் அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அசைவில்லை, திரை வெளிறிப்போய் மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருகிறது. சில நேரம் ஒரு நிமிடத்தில் தானாகச் சரியாகும், சில நேரம் டாஸ்க் மேனேஜரில் போய்த்தான் மூட வேண்டும். நேற்று ஒரு பக்கம் முழுக்க அடித்தது சேமிக்கும் முன்பே போய்விட்டது, அழுகையே வந்துவிட்டது. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். பயர்பாக்ஸை நீக்கிவிட்டு இரண்டு முறை நிறுவிப் பார்த்தேன், பலனில்லை. கடைக்காரர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார், அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போட.

மேற்குச்சன்னல்:
ஃபார்மட் வேண்டாம், பொறுங்கள். நீக்கி நிறுவியும் மாறாததற்குக் காரணம் இருக்கிறது. பயர்பாக்ஸை நீக்கினாலும் உங்கள் புரொஃபைல் கணினியில் அப்படியே தங்கிவிடும், எக்ஸ்டென்ஷன்கள் (நாமே சேர்க்கும் துணை நிரல்கள்), செட்டிங்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன, மறுபடி நிறுவியதும் அதையே எடுத்துக்கொள்ளும்.

முதலில் ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட் மோட்' போட்டுத் திறங்கள், முன்பு சேஃப் மோட் என்றிருந்ததுதான். அதில் எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது, ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனும் (திரையில் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடுவது) நின்றுவிடும். அங்கே வழக்கமான வேலையை ஒரு மணி நேரம் செய்தும் உறையவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான். பலரும் இந்த இடத்தில் எக்ஸ்டென்ஷன்கள்தான் காரணம் என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் தூக்கிவிடுவார்கள், அப்புறம் அந்தச் சிப்பை இயக்கும் பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்தான் காரணம் என்று தெரியவரும். தனித்தனியாகப் பாருங்கள். சாதாரணமாகத் திறந்து, செட்டிங்ஸில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை மட்டும் எடுத்துவிட்டு, மூடித் திறந்து ஒருநாள் ஓட்டுங்கள். அப்போதும் உறைந்தால் எக்ஸ்டென்ஷன்களில் பாதியை அணையுங்கள். சரியானால் அணைத்த பாதியில், இல்லையென்றால் மீதிப் பாதியில் தேடுங்கள். நான்கைந்து சுற்றில் ஆள் மாட்டிவிடும்.

பனங்காடு:
மேலே சொன்னதோடு ஒன்று. 4 ஜிபி ராமில் டேப்கள் நிறையத் திறந்தால் ராம் நிரம்பி விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், அது மெதுவானது என்பதால் எல்லாமே சேர்ந்து நின்றுவிடும். உறையும்போது டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' 100% காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுவதுதான் நல்ல வழி, என் பழைய லேப்டாப்புக்கு அதன்பிறகுதான் உயிர் வந்தது. எந்த டேப் ராமைத் தின்கிறது என்று பார்க்க பயர்பாக்ஸிலேயே ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள், பட்டியல் வரும். யாராவது 'ரிஃப்ரெஷ் பயர்பாக்ஸ்' அழுத்தச் சொன்னால் அவசரப்படாதீர்கள், புக்மார்க்கும் பாஸ்வேர்டும் தங்கும், ஆனால் எக்ஸ்டென்ஷன்கள் போய்விடும். அதுவரை கட்டுரையை நோட்பேடில் அடித்துச் சேமித்துவிட்டு ஒட்டுங்கள் அக்கா.

தேன்சிட்டு:
இருவருக்கும் மிக்க நன்றி. ட்ரபிள்ஷூட் மோடில் இரண்டு மணி நேரம் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை எடுத்தும் உறைந்தது, அதனால் எக்ஸ்டென்ஷன்களைப் பாதிபாதியாக அணைத்தேன், மூன்றாவது சுற்றிலேயே பிடிபட்டது. ஆங்கில எழுத்துப்பிழை பார்க்க இந்த மாதம் போட்ட ஒன்று. நான் ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் பெட்டியில் இருக்கும் மொத்தக் கட்டுரையையும் அது திரும்பப் படித்திருக்கிறது போல. கட்டுரை சிறியதாக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை, அரைமணி நேரம் அடித்து நீண்ட பிறகுதான் நின்றிருக்கிறது. எடுத்துவிட்டேன், இன்று காலையிலிருந்து ஒரு தடங்கலும் இல்லை. டிஸ்க் மட்டும் அவ்வப்போது 100% தொடுகிறது, எஸ்எஸ்டிக்குப் பணம் சேர்க்கிறேன். என் லேப்டாப் 2014இல் வாங்கியது, 2.5 அங்குல எஸ்எஸ்டி பொருந்துமா?

பனங்காடு:
இப்போதுள்ள ஹார்ட் டிஸ்க் 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் ஒரு வகை இணைப்பு) என்றால் அதே இடத்தில் உட்காரும். தடிமனை மட்டும் பாருங்கள், 7 மிமீ வாங்கினால் 9.5 மிமீ இடத்திலும் வைக்கலாம்.