பிழையைச் சொல்லப் பயப்படும் பிள்ளைகள்: எங்கே தொடங்குவது?

கேள்வி: கொக்குவில் வாசி

யாழ் நகரில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் எல்லாம் இளம் பிள்ளைகள். சாவகச்சேரி, பரந்தன் பக்கமிருந்து விடியவே பஸ் பிடித்து வருகிறார்கள்.

போன மாதம் ஒரே பெயருள்ள இருவர் அடுத்தடுத்து இரத்தம் கொடுத்தார்கள். ஊதா மூடி ரியூப் இரண்டிலும் லேபிள் மாறி ஒட்டுப்பட்டுவிட்டது. ஒட்டிய பிள்ளைக்குக் காலையிலேயே சந்தேகம் வந்திருக்கிறது, வாய் திறக்கவில்லை. பின்னேரம் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் அளவைப் பழைய ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்துத்தான் பிடித்தேன். இருவரையும் கூப்பிட்டு மறுபடி இரத்தம் எடுத்தோம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மற்றவளுக்கு விழுந்த பேச்சு எனக்கும் விழும் எண்டு பயந்தனான் அக்கா" என்றாள். அதற்கு முதல் கிழமைதான் நோயாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி கவுண்டரில் வைத்து ஒரு பிள்ளையை ஏசியிருந்தார். இப்போது எதைக் கேட்டாலும் எல்லோரும் "ஓம் அக்கா" மட்டும்தான். பயம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்கிறார் முதலாளி. நான் என்ன செய்யலாம்?

பதில்: ஓய்வுபெற்ற தாதி, நல்லூர்

தங்கச்சி, ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில், ஆய்வு மாணவியாக இருந்தபோது, ஆஸ்பத்திரி வார்ட்டுகளில் மருந்து மாறும் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையான வார்ட்டில் பிழை குறையும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினார். கணக்கைப் பார்த்தால் அங்கேதான் கூட! ஆராயப் போனபோதுதான், அங்குள்ளவர்கள் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறார்கள் என்பது தெரிந்தது. மற்ற வார்ட்டுகளில் பிழை மூடப்பட்டுக் கிடந்தது. பயமில்லாமல் பிழையைச் சொல்லக்கூடிய நிலையைத்தான் உளவியல் பாதுகாப்பு என்று 1999இல் விரிவாக எழுதினார். வார்ட்டிலேயே காலம் கழித்த எனக்கு அதில் ஒரு சொல்லும் புதிதாகத் தெரியவில்லை.

உங்கள் முதலாளிக்கு இதைச் சொல்லுங்கள். பயத்தால் பிழை குறையவில்லை, அவர் காதுக்கு வருவதுதான் நின்றிருக்கிறது.

வேலை மேசையில் ஒரு கொப்பி வையுங்கள். பிழை நடந்தாலும், நடக்கப் பார்த்துத் தப்பினாலும் அதில் எழுதட்டும், பெயர் வேண்டாம். காலையில் வேலை தொடங்க முன் வாசித்து, "யார் செய்தது" என்று கேட்காமல் "எந்த இடத்தில் மாறியது" என்று கேளுங்கள். உங்கள் லேபிள் விஷயத்தையே எடுங்கள். இரத்தம் எடுத்த கையோடு, ஆள் கதிரையை விட்டு எழும்ப முதல், பெயரையும் பிறந்த திகதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து ஒட்டினால் அது மாறாது. பிள்ளையை ஏசி இது வராது.

பதில்: அச்சகம் நடத்துபவர், சுன்னாகம்

ஒரு விஷயம். ஏசாமல் இருப்பதும் கண்டிக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. நேரம் பிந்தி வருபவரைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் உள்ளறையில், கதவைச் சாத்திவிட்டு. உங்கள் முதலாளியிடம் வியாபாரக் கணக்கில் கதையுங்கள்: பிழையான ரிப்போர்ட் ஒன்று வெளியே போனால் யாழ்ப்பாணத்தில் அது எத்தனை வீட்டுக்குப் போகும் என்று அவருக்கே தெரியும்.

பதில்: கிளிநொச்சிப் பெண்

2009 இறுதிப் போர் நேரம் வன்னிக்குள் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று பல இடங்களில் வேலைக்கு நிற்கிறோம். திடீரென்று ஒருவர் கத்தினால் சிலருக்குக் கை நடுங்கும், அதன் பிறகு அன்றைக்கு வேலை ஓடாது. அதற்காக எங்கள் கதையை எல்லாம் கிளறிக் கேட்காதீர்கள் அக்கா. குரலைத் தணித்தால் போதும். மனம் விட்டுக் கதைக்க ஆள் வேண்டும் என்று யாராவது கேட்டால் யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற உளவள ஆலோசனை நிலையம் இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் எடுக்கலாம்.

கேட்டவர்: கொக்குவில் வாசி

எல்லோருக்கும் நன்றி. கொப்பி இன்றைக்கே வாங்குகிறேன். தாதி அக்கா, முதலாளி அதைக் கேட்டால் காட்டலாமா?

பதில்: ஓய்வுபெற்ற தாதி, நல்லூர்

காட்டுங்கள். ஆனால் சம்பளம் கூட்டும் நேரம் அந்தக் கொப்பியை எடுப்பதில்லை என்று இப்போதே அவரோடு பேசி முடிவெடுங்கள். எழுதியதற்காக ஒரு பிள்ளைக்குச் சம்பளம் குறைந்தால், அடுத்த நாளிலிருந்து யாரும் அதில் எழுதமாட்டார்கள்.