வேறு ஊரில் வேலை: போனவர்களும் போகாதவர்களும்

சம்பளம் கூடுதல், ஆனால் ஊர் மாற வேண்டும் என்று வேலைக் கடிதம் வந்தபோது நீங்கள் எல்லாம் எப்படி முடிவெடுத்தீர்கள்? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தில் ஆண்டுச் சம்பளம் என்று ஒரு பெரிய எண் இருந்தது. அதில் ஒரு பகுதி போனஸ். நிறுவனம் நன்றாக ஓடினால்தான் அது கைக்கு வரும். அதைத் தள்ளிவிட்டு, புது ஊர் வாடகையையும் கழித்துப் பார்த்தேன். இப்போது மிஞ்சுவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கணவருக்கு அங்கே வேலை கிடைக்கும்வரை ஒரு சம்பளம்தான் என்று போட்டால் துண்டு விழுந்தது.

அதையாவது சமாளிக்கலாம். என்னை நிறுத்தியது கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரி. ஒரு வருடத்துக்குள் பணி முடிவுக்கு வந்தால், வீடு மாற்றத் தந்த தொகையைத் திருப்பித் தர வேண்டுமாம். யார் முடித்தால்? முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் அவர்களே போகச் சொன்னாலும் லாரி வாடகை என் தலையில்தான் விழும். எச்.ஆரில் கேட்டேன். “அப்படி இதுவரை யாரிடமும் வாங்கியதில்லை மேடம்” என்றார். “அப்படியென்றால் எழுதிக் கொடுப்பதில் சிரமம் இருக்காதே” என்றேன். கொஞ்ச நாள் பதிலே இல்லை. சரி, வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்புறம் “ஊழியர் தாமாக விலகினால்” என்று திருத்திய கடிதம் வந்தது. கிளம்பிவிட்டோம்.

*

உங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று மேனேஜர் வாய் நிறையச் சொன்னார். கடிதத்தில் போடுங்கள் என்றால், “நான் இருக்கும்வரை பிரச்சினையே இல்லை” என்றார். நீங்கள் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். எல்லாம் சரி, காலையில் வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. “ஆறு மணிக்கு. அலுவலகத்துக்குப் பக்கத்தில் வாடகை கட்டுப்படியாகாது சார்” என்றார். அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

இதில் ஆராய்ச்சியே இருக்கிறது. அலோயிஸ் ஸ்டட்ஸர், புருனோ ஃப்ரே என்ற பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனி மக்களின் தரவுகளை வைத்து 2008-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வேலைக்குப் போகும் பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி குறைகிறது, நல்ல சம்பளமோ நல்ல வீடோ அதை முழுதாக ஈடுகட்டுவதில்லை என்பது அவர்கள் கண்டது. நான் வேண்டாம் என்று எழுதிவிட்டேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். சம்பள நாளில் மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

*

நான் பாதி போனேன், பாதி போகவில்லை. 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற மனநல மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு, அவை தரும் அழுத்தத்தை வைத்து மதிப்பெண் போட்டார்கள். வேறு துறைக்கு மாறினால் 36, வாழ்க்கைத் துணைவர் வேலையை விட்டால் 26, வீடு மாறினால் 20, பள்ளி மாறினால் 20. எங்கள் வீட்டில் நான்கும் ஒரே மாதத்தில் வரப்போகிறது. கூட்டினால் 102. துணையின் மரணத்துக்கே 100தான்! இப்படிக் கூட்டுவது கொஞ்சம் அபத்தம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனைவியிடம் காட்டினேன். “அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏன் செய்ய வேண்டும்?” என்று கேட்டாள்.

நான் மட்டும் முதலில் போய்ச் சேர்ந்தேன். பள்ளி ஆண்டு முடிந்ததும் அவர்கள் வந்தார்கள். இரண்டு வாடகை, வார இறுதி ரயில் என்று பணம் கரைந்தது உண்மை. ஆனால் தகுதிகாண் காலம் முடிந்து பணி உறுதியான பிறகே பழைய வீட்டைக் காலி செய்தோம். எந்தப் பகுதியில் வீடு எடுக்கலாம் என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. முதலில் வந்த வேகத்தில் எடுத்திருந்தால் மழை வந்தால் முட்டளவு தண்ணீர் நிற்கும் தெருவில் எடுத்திருப்பேன்.

முதலில் எழுதிய தோழிக்கு ஒரு கேள்வி: உங்கள் கணவருக்கு வேலை கிடைத்ததா?

*

கிடைத்தது, ஆனால் தாமதமாக. பழைய பதவியைவிட ஒரு படி கீழே. அதைச் சொல்லாமல் விட்டால் கதை ரொம்ப அழகாகிவிடும்! அவர் ராஜினாமா கடிதம் எழுதப் போனபோது, எதற்கும் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்க்கலாமே என்றேன். தர மாட்டார்கள் என்றுதான் இருவரும் நினைத்தோம். தந்தார்கள். அது முடியும் சமயத்தில்தான் இங்கே வேலை கிடைத்தது. அதுவரை தேவைப்பட்டால் அவர் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கலாம். அடுத்த முறை அவருக்கு நல்ல அழைப்பு வந்தால் நான் விடுப்பு எடுப்பதாகப் பேச்சு.