சர்ச்சிலில் சர்ச் இருக்கிறதா?

கல்வெட்டான்:
'இங்கிலாந்தின் சர்ச்சில் என்ற ஊர்ப்பெயருக்குக் கோயில்மேடு என்று பொருள், சர்ச்சும் ஹில்லும் சேர்ந்தது, பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்' என்று அகராதிப்பித்தன் எழுதியிருக்கிறார். கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. முதல் பாதி சர்ச்சே இல்லை. ஆங்கிலேயர் வருமுன் அங்கே இருந்த பிரித்தானியர்களின் சொல் 'க்ரூக்'; மேடு, ஈமத்திட்டு என்று பொருள். வேல்ஸ் மொழியில் இன்றும் இருக்கிறது. வந்தவர்களுக்குப் பொருள் புரியாததால் அதையே பெயராக்கி, தங்கள் 'ஹில்'லையும் ஒட்டிக்கொண்டார்கள். பிறகு அது காதில் சர்ச் என்று விழுந்தது. பக்கிங்காம்ஷயர் பிரில் ஊரும் இப்படித்தான்: 'ப்ரே'யும் குன்று, 'ஹில்'லும் குன்று. நம்மூர் 'கேட்டு வாசல்' மாதிரி.

அகராதிப்பித்தன்:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நார்மன் அரசர் எடுத்த நிலக்கணக்கான 1086 டூம்ஸ்டே பதிவேட்டில் ஆக்ஸ்போர்ட்ஷயர் சர்ச்சில் ஊர் 'செர்செல்லெ' என்றுதான் இருக்கிறது. 'ர்' எங்கே நிற்கிறது பாருங்கள். 'க்ரூக்'கில் முதல் மெய்யை ஒட்டியே 'ர' வரும். இதில் நடுவே உயிர் புகுந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் சர்ச்சுக்கு 'சிரிச்செ'. அதிலும் உயிருக்குப் பின்தான் 'ர'. சாமர்செட்டில் நிஜமான 'க்ரூக்' ஊர் கிரீச். அங்கே 'ர' தன் இடத்தில் இருக்கிறது. 'ர' எங்கே நிற்கிறது என்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

கல்வெட்டான்:
'ர' இடம் மாறும் ஐயா. ஆங்கிலத்தில் 'பிரிட்' என்பது 'பேர்ட்' ஆனது, 'திரிட்டா' என்பது 'தேர்ட்' ஆனது. தசை சதையாவதும் ஞிமிறு மிஞிறாவதும் நமக்குப் புதிதா? அந்த ஏட்டை எழுதியவர்களும் பிரெஞ்சு பேசிய நார்மன் எழுத்தர்கள். செஸ்டரையே 'செஸ்த்ரே' என்று எழுதினார்கள். 1086க்குள் மக்கள் வாயில் சர்ச் ஏறிவிட்டது, அவ்வளவுதான் அந்த எழுத்து காட்டும்.
எழுத்தை விட்டுத் தரையைப் பாருங்கள். அந்த ஊரில் மேட்டில் நிற்கும் தேவாலயம் 1826இல் கட்டியது. ஆக்ஸ்போர்டு மாக்டலன் கல்லூரிக் கோபுரத்தை மூன்றில் இரண்டு பங்கு அளவில் நகலெடுத்தார்கள். பழைய கோயில் கீழே இருந்தது. 1684 தீ விபத்துக்குப் பிறகுதான் ஊரே மேலே நகர்ந்தது. கோயில் கீழே, பெயர் மட்டும் கோயில்மேடா?

அகராதிப்பித்தன்:
கோயிலுக்குச் சொந்தமான குன்றும் கோயில்குன்றுதான். அதன் தலையில் கோயில் நிற்க வேண்டும் என்று எவன் சொன்னான்? எழுத்து உங்களுக்குச் சாதகமானால் ஆதாரம், இல்லையென்றால் எழுத்தர் பிழை. 'ர' எங்கே நிற்கிறது?

பொட்டல்காடு:
1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தபோது லண்டனில் பிரதமராக இருந்தவர் பெயருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

தேம்ஸ்கரை:
அண்ணே, பேச்சு ஊரைப் பற்றி. அவர் பிறந்தது பிளென்ஹைம் மாளிகையில், 1874இல். குடும்பப் பெயரே ஸ்பென்சர்-சர்ச்சில். 1817இல் அந்தக் குடும்பத்து ஐந்தாம் மார்ல்பரோ கோமகன்தான் பெயரில் 'சர்ச்சில்' என்பதைச் சேர்த்துக்கொண்டார். இந்தச் சர்ச்சில் ஊரில் பிறந்தவர் வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ், 1732இல். பின்னால் சென்னை ஆட்சிக் குழுவிலும் இருந்தவர். திட்டுவதானால் ஆளைப் பார்த்துத் திட்டுங்கள்.

பொட்டல்காடு:
இரண்டு பேரையும் திட்டலாம். தடையில்லை.

கல்வெட்டான்:
இங்கே வேண்டாம். பித்தன் ஐயா, சாமர்செட், டெவன், வூஸ்டர்ஷயர் என்று இந்தப் பெயரில் பல ஊர்கள். எல்லா இடத்திலும் கோயிலுக்குக் குன்று சொந்தமாக இருந்ததா? பார்க்கும் முறை இதுதான். ஒவ்வொரு ஊருக்கும் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தை எடுங்கள். தனித்து நிற்கும் குன்றோ ஈமத்திட்டோ பக்கத்தில் உண்டா என்று வரைபடத்தில் பாருங்கள். கோயில் எப்போது, எங்கே கட்டப்பட்டது என்று சரிபாருங்கள். மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு. ஆய்வாளர் மார்கரெட் கெல்லிங் ஆங்கில ஊர்ப்பெயர்களை நிலத்தோடு வைத்துத்தான் படித்தார், அவரும் 'க்ரூக்' பக்கமே. போன முறை இங்கிலாந்தின் வாஷிங்டன் ஊர்ப்பெயரில் 'வாஷிங்' (கழுவுதல்) இருக்கிறது என்று நின்றீர்களே, அதுவும் காதை நம்பிய பிழைதான். 'ஹ்வாசா' என்பவனின் வழியினர் ஊர் அது.

அகராதிப்பித்தன்:
வாஷிங்டனை ஏன் இழுக்கிறீர்கள்? அதிலுள்ள 'இங்' விகுதி பற்றி அன்று நான் சொன்னதைத் திரித்தது நீங்கள். இன்னும் மறக்கவில்லை. பல ஊர் என்றால் பல மூலமும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே 'க்ரூக்'கில் மாட்டுவது ஆய்வாகாது.

தேம்ஸ்கரை:
குடும்பப் பெயரையும் பாருங்கள். ஊர் பல என்பதால் எந்தச் சர்ச்சிலிலிருந்து எந்தக் குடும்பம் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பிறகு அதுவே திரும்ப ஊராகும்: கனடாவின் பனிக்கரடி ஊர் சர்ச்சில், ஹட்சன் விரிகுடா கம்பெனித் தலைவராக இருந்த ஜான் சர்ச்சில் பெயரில் வந்தது. அங்கே சர்ச்சும் காரணமில்லை, குன்றும் காரணமில்லை.

அகராதிப்பித்தன்:
கனடா எல்லாம் சரி. இரண்டாம் பாதியில் 'ஹ' உச்சரிப்பில் தேய்ந்தது, அதனால் தமிழில் சர்ச்சில் என்கிறோம், அதையும் ஏற்கிறேன். முதல் பாதிக்கு இன்னும் பதில் இல்லை. 1086இல் 'ர' எங்கே நிற்கிறது?

கல்வெட்டான்:
இடம் மாறி நிற்கிறது. மூன்றாவது முறை சொல்கிறேன். 1826இல் கட்டிய கோபுரம் 1086 பெயருக்குள் எப்படி வந்தது என்று நீங்கள் சொல்லுங்கள்.

அகராதிப்பித்தன்:
நான் கோபுரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. 'ர' பற்றிக் கேட்டேன்.