வேர்வை கொட்டினா ஹீட் ஸ்ட்ரோக் இல்லையா?

மலர்_சுங்கைசிப்புட்:
அப்பாவுக்கு 61 வயசு. இங்க மலேசியாவுல செம்பனைத் தோட்டத்துல உதிரிப்பழம் பொறுக்குறார். நேத்து மதியம் வீட்டுக்கு வந்தப்ப சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வேர்வை. தலைவலி, ஒரு வாந்தி, கெண்டைக்காலை இழுத்துப் பிடிச்சது. குளிச்சு, 100 பிளஸ் பானம் குடிச்சு, ஃபேனுக்கடியில படுத்தார், சாயங்காலம் தெளிஞ்சிட்டார். பக்கத்து வீட்டு அத்தை, "வேர்க்குதுல்ல, அப்ப ஹீட் ஸ்ட்ரோக் இல்ல"ங்கிறாங்க. நம்பலாமா?

பழைய_டிரஸர்:
நம்பாதம்மா. தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரஸரா, அதாவது மருத்துவ உதவியாளரா இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெக்கை வீட்டுல முடங்கிக் கிடக்கிற வயசானவங்களுக்குத்தான் பெரும்பாலும் தோல் காஞ்சு போகும். வெயில்ல மட்டை இழுக்கிறவனுக்கு வேர்வை ஊத்திக்கிட்டு இருக்கும்போதே வரும். அதிலும் நம்ம ஊரு ஈரக்காத்துல வேர்வை சீக்கிரம் காயாது; காஞ்சாத்தானே உடம்பு குளிரும்!

அப்பாவுக்கு வந்தது வெப்பச் சோர்வு மாதிரி தெரியுது. அதைக் கவனிக்காம வேலை செஞ்சா ஹீட் ஸ்ட்ரோக்கா முத்திடும். நான் தோலை விட பேச்சைத்தான் பார்ப்பேன். "காலையில பெரட்டுல (வேலைக்கு முன்னாடி ஆள் கணக்கெடுக்கிறப்ப) பக்கத்துல யாரு நின்னா?"ன்னு கேப்பேன். சட்டுனு பதில் வந்தா நிழல், தண்ணி, ஓய்வு. நாக்கு குழறினா, உளறினா, காரணமில்லாம எரிஞ்சு விழுந்தா, நடை தள்ளாடினா, சூடு மூளையைத் தொட்டுடுச்சு. உடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும், வலிப்பும் வரலாம். "தண்ணி போட்டிருக்கான்"னு மரத்தடியில தூங்க விட்டுட்டுப் போயிடுவாங்க பாரு, எனக்கு அதுதான் பயம்.

அப்படி ஆனா ஒருத்தர் ஆம்புலன்ஸுக்கு 999-ஐக் கூப்பிடட்டும். மத்தவங்க சும்மா நிக்காம பூட்ஸ், சட்டையைக் கழட்டி, தண்ணியை ஊத்திக்கிட்டே விசிறணும். ஐஸ் இருந்தா கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. நினைவு தடுமாறினவர் வாயில எதையும் ஊத்தாதே, புரையேறும். காய்ச்சல் மாத்திரை பெனடோல் இந்தச் சூட்டை இறக்காது.

குலைவெட்டி_பகாவ்:
ஐயா சொல்றது சரி. எங்க பக்கம் புதுப் பையன்களும் லீவு முடிஞ்சு வர்றவங்களும்தான் சுருண்டு விழுறாங்க. உடம்பு பழக ஒரு வாரம், ரெண்டு வாரம் ஆகும். குலைக்கு இவ்வளவுன்னு கூலி இருக்கிறப்ப யாரு மெதுவா வெட்டுவா? வானிலைத் துறையோட வெப்ப எச்சரிக்கை வரட்டும்னும் இருக்க முடியாது. முதல் கட்டத்துக்கே மூணு நாள் தொடர்ந்து 35 டிகிரி தொடணும்.

மலர்_சுங்கைசிப்புட்:
ஐயா, அப்பா பிரஷருக்கு ஒண்ணுக்குப் பிரியுற மாத்திரை சாப்பிடுறார். அதனால இருக்குமா?

பழைய_டிரஸர்:
இருக்கலாம்மா. அது உப்பையும் தண்ணியையும் வெளியேத்தும். நீயா நிறுத்திடாதே. மாத்திரை உறையோட கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்குப் பெரட்டுக்குப் போக வேணாம்னு சொல்லு. கோவிச்சுக்குவார், பரவாயில்ல.