டெலிவரி ரைடர்களே, ராத்திரி டிராப்ல (ஆர்டரைக் கொண்டுபோய்க் குடுக்குற இடத்துல) உங்களுக்கு நடந்தது என்ன?

ஓ.எம்.ஆர். ரைடர்
ரோட்டுல விழுறதைப் பத்தி நிறையப் பேசியாச்சு. வண்டியை விட்டு இறங்கின பிறகு நடக்குறதையும் கொஞ்சம் பேசுவோம்.

போன மாசம் தாழம்பூர் பக்கம் ஒரு சிஓடி ஆர்டர், பொருளைக் குடுத்துட்டுக் காசு வாங்கணும். மணி பதினொன்றரை தாண்டிடுச்சு. மேப் கொண்டுபோய் விட்ட இடத்துல வீடே இல்ல, பிளாட் போட்டுக் கல்லு நட்ட பொட்டல். போன் போட்டா, "இன்னும் உள்ள வாங்க ப்ரோ, கடைசில ஒரே ஒரு வீடு"ங்கிறான். "வாசல் லைட்டைப் போடுங்க, பார்த்து வரேன்"னேன். கரண்ட் இல்லையாம். எதிர்ல அபார்ட்மென்ட் பூரா லைட் எரியுது! வண்டியைத் திருப்பி மெயின் ரோட்டு மெடிக்கல் ஷாப் வாசல்ல நின்னுக்கிட்டு, "இங்க வந்து வாங்கிக்கங்க"ன்னுட்டேன். கொஞ்ச நேரத்துல ஹெட்லைட் போடாத பைக்ல ரெண்டு பேர் மெதுவா வந்து, என்னையும் பேக்கையும் பார்த்துட்டு நிக்காமப் போனானுங்க. அதோட அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப்.

சப்போர்ட் சாட்ல விஷயத்தைச் சொன்னா, "கஸ்டமரைத் தொடர்பு கொள்ள முயற்சிக்கவும்"னு மெஷின் திரும்பத் திரும்பச் சொல்லுது. அன்னிக்கு வசூலான காசு மொத்தமும் என் இடுப்புல. இப்பல்லாம் வசூல் காசை இருட்டுறதுக்குள்ள கம்பெனிக்குக் கட்டிடுறேன்.

பீளமேடு ரைடர்
அண்ணா, உங்களுக்கு இருட்டு. எனக்கு அபார்ட்மென்ட் வாசல்.

பேச்சிலர் ஃபிளாட்டுல கதவு திறந்தே இருக்கும், உள்ள இருந்து குரல் மட்டும் வரும்: "டேபிள்ல வச்சுட்டுப் போங்க." நான் வாசப்படி தாண்டுறதே இல்ல. ஓடிபி கேட்டு, வெளியவே வச்சுட்டு இறங்கிடுவேன். அதுக்காக ரேட்டிங் குறைச்ச ஆளும் உண்டு, குறைச்சுக்கட்டும்.

இன்னொண்ணு, ஆப் வழியா கூப்பிட்டா நம்ம நம்பர் மறைஞ்சிருக்கும். கால் போகலைன்னு சொந்த நம்பர்ல போட்டா, மறுநாள் காலைல வாட்ஸ்அப்ல 'குட் மார்னிங்' வந்து நிக்கும். என் தோழி ஒருத்தி இதனாலயே சிம்மை மாத்தினா. இதையெல்லாம் புகார்ல எந்தக் கட்டத்துல எழுதுறது? ஆப்ல அதுக்கு ஆப்ஷனே இல்ல.

மதுரைக்காரன்
எங்க ஏரியாவுல மனுஷங்க தேவலை, நாய்தான். கூட ஓட்டுற தம்பியைக் கெண்டைக்கால்ல கடிச்சிருச்சு. துணியைக் கட்டிக்கிட்டு அடுத்த ஆர்டருக்குக் கிளம்பினான், புடிச்சு நிறுத்தினோம். சோப்புப் போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவணும், அன்னைக்கே ஊசி. அரசு ஆஸ்பத்திரில இலவசம்தான்.

தாம்பரம் சீனியர்
விழுந்தா என்ன செய்யணும்னு சொல்றேன், நம்ம பசங்க நிறையப் பேர் கோட்டை விடுறது இங்கதான். எங்க ஹப் பையன் ஒருத்தன் மழையில பள்ளம் தெரியாம விழுந்து கால் உடைஞ்சது. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஆர்டர் வேற ரைடருக்குப் போயிடுச்சு. இன்சூரன்ஸ்ல முதல் கேள்வியே "அந்த நேரத்துல டியூட்டில இருந்தீங்களா?"தான். நல்லவேளை, தூக்கிவிட்ட ரைடர், ஆர்டர் மாறுறதுக்கு முன்னாடியே அவனோட ஆப் ஸ்கிரீனை போட்டோ எடுத்து வச்சிருந்தான்.

ஆஸ்பத்திரில எப்படி அடிபட்டதுன்னு சரியாச் சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவு) போடச் சொல்லுங்க. போலீஸ் ஸ்டேஷன்ல புகார் எழுதிக் குடுத்தா, அதை வாங்கிக்கிட்டதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம வராதீங்க. ரோடு விபத்துக்கான தமிழ்நாடு அரசோட 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரின்னா, அரசு வச்ச வரம்பு வரைக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டாம். 2021-ல இருந்து இருக்கு, ஆனா நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. நம்மள மாதிரி ஆப் மூலமா வேலை பாக்குறவங்களுக்காக 2023-ல ஆரம்பிச்ச கிக் தொழிலாளர் நல வாரியத்துலயும் பதிவு பண்ணிடுங்க.

பீளமேடு ரைடர்
சார், ஆர்டர் குடுத்துட்டுத் திரும்பி வரும்போது விழுந்தா? அப்ப ஸ்கிரீன்ல எதுவுமே இருக்காதே.

தாம்பரம் சீனியர்
அங்கதாம்மா இழுத்தடிப்பாங்க. லாகின்ல இருக்குறது தெரியுற மாதிரி, மணியோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. கடைசி டிராப் விவரமும் சேர்த்துக் குடு. எங்க ஹப்ல ஒரு பையனுக்கு அப்படித்தான் இன்சூரன்ஸ் பாஸ் ஆச்சு.