புது வண்டியில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது. ஜாப் கார்டில் "ஓட்டும் பழக்கம்" என்கிறார்கள்

கேள்வி (சொந்த வண்டி ஓட்டுபவர், தண்டையார்பேட்டை):
பதினான்கு மாதங்களுக்கு முன் கடன் போட்டு 34 லட்ச ரூபாய்க்கு வாங்கிய ட்ரெய்லர் ஹெட்டில் (ட்ரெய்லரை இழுக்கும் முன்பக்க லாரி), துறைமுகத்திலிருந்து மணலிக்குக் கன்டெய்னர் அடிக்கிறேன். நான்காவது மாதத்திலிருந்தே, எண்ணூர் விரைவுச் சாலையில் சுமையோடு வரும்போது பிரேக்கை மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. மூன்று முறை சர்வீஸ் சென்டருக்குப் போனேன்; மூன்று முறையும் ஸ்லாக் அட்ஜஸ்டரை (பிரேக் லைனருக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) கையால் இறுக்கிவிட்டு, "ஓட்டும் பழக்கம்" என்று ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலையைப் பதியும் சீட்டு) எழுதி அனுப்பினார்கள். இரவு நடைக்கு ஓர் ஓட்டுநரை வைத்திருப்பதால் நான் வணிக நோக்கத்தில் வாங்கியவன், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்கிறார் டீலர். அது உண்மையா?

பதில் 1 (மெக்கானிக், மாதவரம்):
தம்பி, ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ள வேண்டியது. அதை மறுபடி மறுபடி கையால் இறுக்குவது, அது வேலை செய்யவில்லை என்பதை மூடி மறைப்பதுதான். முன் அச்சின் இரண்டு பிரேக் சேம்பரிலும் (காற்றழுத்தத்தால் தண்டைத் தள்ளி பிரேக் பிடிக்க வைக்கும் பாகம்) ஒரே காற்றழுத்தத்தில் தண்டு எத்தனை மில்லிமீட்டர் வெளியே வருகிறது என்று அளந்து பாருங்கள். வலப்பக்கம் இழுத்தால், இடப்பக்க பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை அல்லது வலப்பக்கம் விடாமல் பிடிக்கிறது என்று பொருள். சக்கர ஹப்பில் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீல் கசிந்து லைனரில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 2 (வழக்கறிஞர்):
டீலர் சொல்வது முழு உண்மை அல்ல. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளை, 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோரே என்றும், ஓரிருவரின் உதவியைப் பெறுவதால் அந்தத் தகுதி போய்விடாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995 இல் லக்ஷ்மி என்ஜினியரிங் வழக்கில் விளக்கியது. ஆனால் வண்டியை முழுக்க வேறொருவரிடம் விட்டிருந்தால் நிலைமை வேறு. ஆகவே பகல் நடைகளை நீங்களே ஓட்டியதற்கான டிரிப் ஷீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால், நீங்கள் குடியிருக்கும் வட சென்னையின் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், ஆணையமே தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும்.

ஜாப் கார்டு இருபுறமும் வெட்டும் கத்தி என்பதை மறக்க வேண்டாம். குறையை நீங்கள் அறிந்திருந்தீர்கள் என்பதற்கும் அதுவே சான்று. தெரிந்தே குறையுள்ள வண்டியை ஓட்டினாலோ ஓட்ட விட்டாலோ, மோட்டார் வாகனச் சட்டம் 190 ஆம் பிரிவு உங்கள் மீது பாயும்; அதனால் யாருக்கேனும் காயம் ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இயந்திரக் கோளாறு என்று பின்னால் வாதிட, அது வெளித்தெரியாத குறை என்பதையும் தக்க கவனத்தோடு இருந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் உரிமையாளரே நிரூபிக்க வேண்டும்.

பதில் 3 (லாரி உரிமையாளர், திருவொற்றியூர்):
2021 ஏப்ரல் முதல், குறையுள்ள வாகனங்களைத் தயாரிப்பாளர் திரும்பப் பெறும் விதி நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது ஒரே மாதிரி வண்டிகள் பலவற்றில் வரும் புகாருக்கானது. உங்கள் ஒரு வண்டிக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கேட்டவர்:
அளந்தேன், அண்ணா. வலம் 34, இடம் 52 மில்லிமீட்டர்; இடப்பக்கம்தான் தளர்வு. ஸ்கேலோடு படம் எடுத்துச் சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். இரவு ஓட்டுநருக்கும் விடுப்புக் கொடுத்து வண்டியை நிறுத்திவிட்டேன். தவணை நாள் ஐந்தாம் தேதி.