எளிய மனிதர்களைப் பற்றிய அண்மைக்காலக் கொரியத் தொடர்கள்: அடுத்து எதைப் பார்க்கலாம்?

மாலைநேரம்:

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டாக, இரவு உணவுக்குப் பிறகு நானும் அப்பாவும் ஒரு மணி நேரம் கொரியத் தொடர் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறோம். அம்மா மறைந்த பிறகு எங்கள் வீட்டில் அந்த நேரம்தான் மிகவும் வெறிச்சோடிக் கிடந்தது. ஒருநாள் தற்செயலாக ‘ரிப்ளை 1988’ தொடரைப் போட்டேன். ஒரு வீட்டில் சமைத்ததை அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பிள்ளைகள் கிண்ணம் கிண்ணமாக எடுத்துக்கொண்டு ஓடும் காட்சி வந்தபோது, அதுவரை செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டிருந்த அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதை முடித்து, ‘மை மிஸ்டர்’ தொடரையும் முடித்துவிட்டோம்.

2022க்குப் பிறகு வந்தவற்றில் இதே வகையில் எவை இருக்கின்றன என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பெரும் தொழில்குடும்பத்து வாரிசுகளின் காதலும், பழிவாங்கலும், தொடர்கொலையும் எங்களுக்கு வேண்டாம். ‘தி குளோரி’ தொடரைத் தொடங்கிய வேகத்திலேயே நிறுத்திவிட்டோம். அது குறையுள்ள தொடர் என்பதால் அல்ல. பள்ளி மாணவியின் உடலில் முடி சுருட்டும் கருவியால் சூடு வைக்கும் காட்சியை, முப்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்த அப்பாவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவர் ஆங்கில வசன வரிகளை நிதானமாகத்தான் படிப்பார் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

நெய்தல்வாசி:

உங்கள் கேள்விக்கு என்னிடம் தயக்கமில்லாத ஒரு பதில் இருக்கிறது: ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’. 2025 மார்ச் மாதத்தில், வாரம் நான்கு அத்தியாயங்களாக, நான்கு வாரங்களில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த 16 அத்தியாயத் தொடர் இது; நான்கு பகுதிகளும் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று ஒரு வாழ்க்கையின் பருவங்களாக நகர்கின்றன. நீங்கள் பார்த்து முடித்த ‘மை மிஸ்டர்’ தொடரை இயக்கிய கிம் வோன்-சோக்தான் இதன் இயக்குநர். அதில் நடித்த ஐயு இதில் இளவயது நாயகி ஏசுனாகவும், பிறகு அவளுடைய மகளாகவும் இரு வேடங்களில் வருகிறார். எழுதியவர் லிம் சாங்-சுன்.

கதை ஜெஜு தீவில் நிகழ்கிறது. ஏசுனின் தாய் ஒரு ஹேன்யோ. அதாவது, சுவாசக் கருவி எதுவும் இல்லாமல், மூச்சை அடக்கிக் கடலின் அடியில் இறங்கிச் சிப்பியும், அபலோனி என்ற கடல் நத்தையும் எடுத்துவரும் பெண்களில் ஒருத்தி. ஜெஜுவின் இந்தப் பெண்களுடைய பண்பாட்டை யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டு தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் நீருக்கு மேலே வந்ததும் அடக்கிய மூச்சை விடும்போது சீழ்க்கை போல ஓர் ஒலி எழும். அதைச் ‘சும்பிசோரி’ என்பார்கள். கரையில் நின்று அந்த ஒலிக்காகக் காத்திருக்கும் சிறுமிதான் ஏசுன். அவள் தன் அம்மாவைப் பற்றிப் பள்ளியில் ஒரு கவிதை எழுதுகிறாள். ஓர் அபலோனிக்கு நூறு ஹ்வான் (அக்காலக் கொரியப் பணம்) கிடைக்கிறது, அந்த நூறு ஹ்வானை நாள்தோறும் நானே கொடுத்துவிட முடிந்தால் என் அம்மாவின் ஒரு நாளை விலைக்கு வாங்கிக்கொள்வேன் என்ற பொருளில் அந்தக் கவிதை செல்கிறது. பத்து வயதுக் குழந்தை, தன் அம்மா வேலைக்குப் போகாமல் இருப்பதற்கு என்ன விலை என்று கணக்குப் போடுகிறது. அந்த இடத்தில் நான் தொடரை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். பிழைப்பதற்கு வழியில்லாமல் இளம் தம்பதியர் வாடகை அறையில் தவிக்கும் நாள்களில், வீட்டுக்காரக் கிழவனும் கிழவியும் ஒரு சொல்லும் சொல்லாமல் அவர்களுடைய அரிசிப் பானையில் அரிசி போட்டு வைக்கிறார்கள். கொடுப்பவர் கை வெளியே தெரிந்துவிட்டால் வாங்குபவருக்குக் கூச்சமாகிவிடும் என்பதை அறிந்த மனிதர்கள் அவர்கள்.

தொடரின் கொரியப் பெயர் ‘போக்சாக் சோகாத்சுதா’. பிற பகுதிக் கொரியர்களின் காதில் இது ‘முற்றாக ஏமாந்துவிட்டாய்’ என்பது போல ஒலிக்கும். ஜெஜு வட்டார வழக்கில் ‘மிகவும் பாடுபட்டுவிட்டீர்கள்’ என்று பொருள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் அத்தியாயத்திலேயே அந்தத் தாய் இருபத்தொன்பது வயதில் இறந்துவிடுகிறாள். அந்த வேடத்தில் நடித்த யோம் ஹே-ரானுக்கு 2025ஆம் ஆண்டின் பெக்சாங் விருது (கொரியத் திரை, தொலைக்காட்சிக் கலைஞர்களுக்கான விருது) கிடைத்தது. சிறந்த தொடருக்கான விருதும் இத்தொடருக்கே. உங்கள் வீட்டுச் சூழலில் அந்தக் காட்சி கனமாக இருக்கக்கூடும். அதே போல ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்களை இரவு வெகுநேரம் ஆன பிறகு தொடங்க வேண்டாம்.

இரவுப்பணி:

நான் செவிலியாகப் பணிபுரிகிறேன் என்பதால், ‘டெய்லி டோஸ் ஆஃப் சன்ஷைன்’ தொடரைப் பற்றி எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன். 2023 நவம்பரில் வந்தது, 12 அத்தியாயங்கள். பொது மருத்துவப் பிரிவிலிருந்து மனநலப் பிரிவுக்கு மாற்றப்படும் செவிலி தா-உன் வேடத்தில் பார்க் போ-யங் நடித்திருக்கிறார். முன்பு செவிலியாகப் பணியாற்றிய ஒருவர் வரைந்த இணையச் சித்திரக் கதையை வைத்து எடுத்திருப்பதால், வார்டின் நடைமுறைகள் எங்களுக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. மனநலப் பிரிவில் திரைச்சீலைகள் இல்லை, ஆகவே மருத்துவமனையின் மற்ற இடங்களைவிட அங்கே முதலில் விடிகிறது என்று ஒரு செய்தி தொடக்கத்திலேயே வருகிறது. பாதுகாப்புக்காகச் செய்த ஓர் ஏற்பாட்டை ஒளியாக மாற்றிப் பார்த்த அந்தக் கண்ணுக்காகவே இத்தொடரை நான் மதிக்கிறேன்.

பதற்றத் தாக்குதல் வரும் ஓர் இளைஞனைச் சுற்றித் தண்ணீர் மெல்ல ஏறி, அவன் மூழ்கித் திணறுவதாகக் காட்டுகிறார்கள். மூச்சு முட்டுகிறது என்று எங்களிடம் வருபவர்களின் உறவினர்கள் பலர், ‘எல்லாம் மனசுதான், தைரியமாக இரு’ என்பார்கள். அந்த ஒரு காட்சியை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. தற்கொலையும் அதற்குப் பிறகு உடனிருந்தவர்கள் படும் பாடும் கதையில் வருவதால், அப்பாவுடன் பார்ப்பதற்கு முன் நீங்கள் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

புறநகர் ரயில்:

நெய்தல்வாசி சொன்ன தொடர் சிறந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘மை மிஸ்டர்’ பார்த்து முடித்தவர்கள் அடுத்ததாக ‘மை லிபரேஷன் நோட்ஸ்’ (2022, 16 அத்தியாயங்கள்) பார்ப்பதுதான் முறை என்பது என் கருத்து, ஏனென்றால் இரண்டையும் எழுதியவர் பார்க் ஹே-யங் ஒருவரே. சியோலுக்கு வெளியே கியோங்கி மாகாணத்தின் ஒரு கிராமத்திலிருந்து நாள்தோறும் தலைநகருக்கு வேலைக்குப் போய்வரும் மூன்று உடன்பிறப்புகளின் கதை இது. முட்டையின் மஞ்சள் கரு சியோல் என்றால், அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கரு கியோங்கி என்று ஒரு வசனம் வரும். வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, வீட்டில் விளக்கணைந்த பிறகு போய்ச் சேருபவர்களுக்கு அந்த ஒரு வரியே போதும்.

அலுவலகத்தில் எந்தக் குழுவிலும் சேர மனமில்லாத மூவரைச் சேரச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். அவர்கள் தாங்களே ‘விடுதலைக் குழு’ ஒன்றைத் தொடங்கி, ஒருவருக்கொருவர் அறிவுரை சொல்வதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை என்று விதி வகுத்துக்கொள்கிறார்கள். துக்கம் நேர்ந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். மெதுவாக நகரும் தொடர்தான். உழுவதும், களையெடுப்பதும், குடும்பமே பேசாமல் உட்கார்ந்து உண்பதுமாகவே முதல் சில அத்தியாயங்கள் போகும். வசனங்கள் குறைவு என்பதால் அப்பாவுக்குப் படிக்கும் சிரமமும் இருக்காது.

2025இல் வந்த ‘அவர் அன்ரிட்டன் சியோல்’ தொடரையும் குறித்துக்கொள்ளுங்கள். 12 அத்தியாயங்கள்தான். கிராமத்தில் கிடைத்த வேலையைச் செய்து வாழும் ஒரு பெண்ணும், சியோல் அலுவலகத்தில் சக ஊழியர்களால் ஒதுக்கப்பட்டு நொந்துபோன அவளுடைய இரட்டைச் சகோதரியும் இடம் மாறிக்கொள்கிறார்கள். இரு வேடங்களிலும் பார்க் போ-யங்தான். தோளைக் குறுக்கும் விதத்திலேயே யார் எவர் என்று காட்டிவிடுகிறார்.

நெய்தல்வாசி:

வசன வரிகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கொரிய மொழியிலும் அப்பாவை ‘அப்பா’ என்றும், அம்மாவை ‘ஓம்மா’ என்றும்தான் அழைக்கிறார்கள்; அண்ணன், அக்கா முறை சொல்லிக் கூப்பிடுவதும் நம்மைப் போலவே. ஆங்கில வரிகள் அந்த முறைப்பெயர்களை எல்லாம் வெறும் பெயர்களாக மாற்றிவிடுகின்றன. ஆகவே அப்பாவைக் கொஞ்சம் காதாலும் கேட்கச் சொல்லுங்கள். ஜெஜு தொடரில் அம்மாவுக்கு ‘ஓமோங்’ என்ற தீவு வழக்குச் சொல் வரும். ஏசுனின் கவிதையில் இருப்பதும் அந்தச் சொல்தான்.

மாலைநேரம்:

பதிலளித்த மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜெஜு தொடரின் முதல் நான்கு அத்தியாயங்களை இந்த வாரம் பார்த்தோம். முதல் அத்தியாயத்தைப் பற்றி அப்பாவிடம் முன்பே சொல்லிவிட்டேன். ‘பரவாயில்லை, போடு’ என்றார்.

கவிதைக் காட்சி முடிந்ததும் மறுபடியும் ஒருமுறை வைக்கச் சொன்னார். வகுப்புத் தலைவர் தேர்தலில் அதிக வாக்குப் பெற்ற ஏசுனை ஒதுக்கிவிட்டு, வசதியான வீட்டுப் பையனைத் தலைவனாக்கும் ஆசிரியர்மீதுதான் அவருக்குத் தீராத கோபம். மறுநாள் காலை காப்பி குடிக்கும்போதும் அதைப் பற்றியே பேசினார். நான்காம் அத்தியாயத்தில் ஏசுன் மேசையைக் கவிழ்த்தபோது, ‘உன் அம்மாவாக இருந்தால் இவ்வளவு நாள் பொறுத்திருக்க மாட்டாள்’ என்றார். அம்மாவைப் பற்றி அவராகப் பேச்செடுத்துப் பல மாதங்கள் ஆகின்றன.

ஐந்தாம் அத்தியாயத்தை ஞாயிற்றுக்கிழமை பகலில் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். அதன் பிறகு ‘மை லிபரேஷன் நோட்ஸ்’.